ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னே

மொரீசியஸ் தீவெங்கும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம்.

எபேன் சைபர் சிட்டியில் மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். மென்பொருள் பொறியியல் என்ற பெயர், 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு பரவியது. பெயர் நிலைத்துவிட்டது. பொறியியலுக்குரிய கணக்கு இன்னும் அன்றாட வேலைக்குள் வரவில்லை. என் நெடுநாள் கவலை இதுதான்.

1960-இல் அடித்த கரோல் புயலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூரை போட்டுவிட்டு, அது நிற்குமா என்று அடுத்த புயல் சொல்லட்டும் என எந்தப் பொறியாளரும் காத்திருப்பதில்லை. எவ்வளவு காற்றைத் தாங்க வேண்டும் என்று முன்னமே கணக்குப் போடுகிறார். மென்பொருளிலோ பெரும்பாலும் எழுதுகிறோம், ஓட்டிப் பார்க்கிறோம், பிழை கண்ட இடத்தில் திருத்துகிறோம். சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லை என்று காட்ட முடியாது என்றார் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா.

அப்படியானால் கணக்கு எங்கே? 1969-இல் டோனி ஹோர் என்ற கணினி அறிஞர் வழி காட்டினார். நிரலின் ஒவ்வொரு துண்டுக்கும், தொடங்கும்போது எது உண்மையாக இருக்க வேண்டும், முடியும்போது எது உண்மையாகும் என்று எழுதுங்கள். பிறகு அதைத் தர்க்கத்தால் நிரூபியுங்கள் என்றார். முதலாவது முன்நிபந்தனை, இரண்டாவது பின்நிபந்தனை. இந்த இரண்டையும் மனத்தில் வையுங்கள்.

ஏரியன் 5 ராக்கெட் கதையை நான் எங்கு பேசினாலும் சொல்வேன். 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளம். கிளம்பி ஏறத்தாழ 40 நொடியில் வெடித்துச் சிதறியது. திசையறியும் மென்பொருள் ஏரியன் 4-இலிருந்து எடுத்தது. அதில் ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்தில் அடைக்கும் வரி இருந்தது. அந்த இடம் 32,767-க்கு மேல் கொள்ளாது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாகாது என்று ஆராய்ந்தே அந்த வரியைக் காவலின்றி விட்டிருந்தார்கள். புதிய ராக்கெட் பக்கவாட்டில் வேகமாகப் போனது, எண் மிஞ்சியது, திசையறியும் கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள், அதுவும் அதே காரணத்தால் நின்றது. இன்னொன்றும் கேளுங்கள்: அந்தக் கணக்கு, ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது!

"எண் இதற்கு மேல் போகாது" என்பதுதான் முன்நிபந்தனை. அது நிரலோடு சேர்ந்து பயணம் செய்திருக்க வேண்டும். மீண்டும் சொல்கிறேன், நிரலோடு சேர்ந்து.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். பாரிஸ் மெட்ரோவின் 14-ஆம் தடத்தைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். 1998 முதல் ஓட்டுநரின்றி ஓடும் அந்த ரயிலின் பாதுகாப்பு மென்பொருளை 'பி' முறையில் கணித நிரூபணத்தோடு எழுதினார்கள். கணினி படிக்கும் பிள்ளைகள் ஹோரின் 1969 கட்டுரையைத் தேடிப் படியுங்கள், சில பக்கங்கள்தான். நன்றி, வணக்கம்.