கருந்தேவதைச் சுரங்கம்: மூடிய பிறகும் ஏன் அளக்கிறார்கள்?

வணக்கம். கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், 71 பாகை வடக்கு அட்சத்தில் உள்ள மார்மொரிலிக் என்ற இடத்தின் வரைபடத்தை இப்போது திரையில் காண்கிறீர்கள். கடலோரத்தில் செங்குத்தாக எழும் வெண்ணிறச் சலவைக்கல் பாறையின் மேல், சிறகு விரித்த உருவம் போல ஒரு கரிய படிவம் இருப்பதால், அந்த மலைக்கும் அதில் குடைந்த சுரங்கத்துக்கும் கருந்தேவதை என்ற பெயர் வந்தது. சுரங்க வாயில் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருந்தது. வெட்டிய தாது கம்பிவட ஊர்தியில் ஃபியோர்டை, அதாவது மலைகளுக்கு இடையே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல் நீட்சியைக் கடந்து எதிர்க்கரை ஆலைக்கு வந்தது. 1973 முதல் 1990 வரை சுமார் 1.1 கோடி டன் தாதுவிலிருந்து ஈயமும் துத்தநாகமும் பிரித்தெடுக்கப்பட்டன.

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் எனக்கு, இதில் மனத்தை உறுத்துவது தொடக்கத்தில் செய்யப்பட்ட ஒரு கணிப்பு. ஆலையின் கழிவுச் சேற்றை அஃபர்லிகஸ்ஸா என்ற சிறிய ஃபியோர்டின் அடியில் கொட்டினால் போதும், அதிலுள்ள ஈயம் நீரில் கரையாத சல்பைடாக (கந்தகத்தோடு சேர்ந்த சேர்மமாக) அங்கேயே படிந்துவிடும் என்று நம்பினார்கள். ஆனால் அந்த ஈயத்தின் ஒரு பகுதி கரையக்கூடிய வடிவில் இருந்தது என்பது, வேலை தொடங்கிய சிறிது காலத்திலேயே கடல்நீரிலும் உயிரினங்களிலும் தெரிந்துவிட்டது. கோடையில் பனி உருகிய நன்னீர் மேலே மிதந்து, அடிநீரை மூடி வைக்கிறது. குளிர்காலத்திலோ கடல் உறையும்போது வெளியேறும் உப்பானது நீரைக் கனமாக்கி மேலும் கீழும் கலக்கச் செய்வதால், உலோகம் ஏறிய அடிநீர் ஆழம் குறைந்த வாயிலைத் தாண்டிப் பக்கத்திலுள்ள காமருயுக் ஃபியோர்டுக்குள் பரவியது.

கடல்நீரை மட்டும் அளந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரு புட்டி நீர், அதை மொண்ட அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். அதிலுள்ள ஈயமோ மிகச் சிறிய அளவு என்பதால், படகிலிருந்தோ புட்டியிலிருந்தோ ஒட்டிக்கொள்ளும் துளிகூடக் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் அங்கே உயிரினங்களையே அளவுகோலாகக் கொண்டார்கள். கடற்பாசியின் நுனி அண்மையில் வளர்ந்தது என்பதால், நீரில் கரைந்த உலோகம் அண்மைக் காலத்தில் எவ்வளவு இருந்தது என்பதை அது காட்டும். நீல மட்டி நீரோடு மிதக்கும் துகள்களையும் வடிகட்டி உண்பதால், இரண்டு வழியிலும் வரும் ஈயத்தைச் சேர்த்து வைக்கும். பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும், வேரில்லாத லைக்கன் தனக்கு வேண்டியதைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் பெறுவதால், அது தூசிக்குச் சாட்சி.

என்னை வியக்க வைத்தது மட்டிதான். மாசுபட்ட இடத்திலிருந்து எடுத்துத் தூய்மையான கடலில் விட்ட மட்டிகள், தம் உடலில் ஏறிய ஈயத்தை எளிதில் வெளியேற்றவில்லை. ஆகவே, சுரங்கம் மூடிய பிறகு கடற்பாசியில் அளவு குறையும்போதும் மட்டியில் அது உயர்ந்தே இருந்தால், புதிதாக ஈயம் வருகிறதா, பழைய ஈயம்தான் தங்கியிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வயது ஏற ஏறச் சேர்மானம் மாறும் என்பதால், ஓட்டின் நீளத்தை அளந்து ஒரே அளவுள்ளவற்றையே ஒப்பிட வேண்டும். சலிப்பூட்டும் வேலை என்றாலும், அதைத் தவறவிட்டால் மாசு குறைந்ததா அல்லது இம்முறை சிறிய மட்டிகள் கிடைத்தனவா என்று யாராலும் சொல்ல முடியாது.

1990-இல் மூடும்போது, மலைச்சரிவில் கொட்டியிருந்த கழிவுப் பாறையில் ஒரு பகுதியை அகற்றி, அஃபர்லிகஸ்ஸாவில் இருந்த கழிவின் மேலேயே போட்டார்கள். மூடிய பின் ஈய அளவு தெளிவாகக் குறைந்தது; ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சரிவில் எஞ்சியதைக் காற்று தூசியாகக் கிளப்புகிறது. இப்போது ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் டென்மார்க் ஆய்வாளர்கள் கிரீன்லாந்து அரசுக்காக இந்த மாதிரிகளை எடுத்துப் பார்த்து வந்திருக்கிறார்கள். சுரங்கம் அமைந்த உம்மன்னாக் வட்டாரத்தின் மக்கள் மீனையும் சீல் என்ற கடல் பாலூட்டியையும் நம்பி வாழ்பவர்கள். அவர்களுக்கு இந்த எண்கள் சோற்றுக் கணக்கு. சுரங்கத்தை ஒட்டிய கரையில் மட்டி எடுக்க வேண்டாம் என்ற அறிவுரை இந்த அளவீடுகளிலிருந்தே பிறந்தது.

2008-இல் இந்தச் சுரங்கத்தை மீண்டும் திறக்க உரிமம் வழங்கப்பட்டது, ஆனால் உற்பத்தி தொடங்கவில்லை. தொடங்கியிருந்தால், புதிய மாசு எவ்வளவு, பழையது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட, அத்தனை ஆண்டுகளாகக் கரையோரம் சேகரித்த மட்டிகளின் கணக்கு கையில் இருந்திருக்கும்.

அடுத்த காணொளியில், கனடாவின் லிட்டில் கார்ன்வாலிஸ் தீவில் 2002-இல் மூடப்பட்ட போலாரிஸ் சுரங்கத்தையும், அதன் கழிவைத் தாங்கிய காரோ ஏரியையும் பார்ப்போம். நன்றி.