ஈட்டியா, பாட்டா: டாப்பியோ ரௌதவாரா பற்றி ஒரு நேயர் கேள்வி

ஒலிம்பிக் வீரர்கள் பற்றிய பேச்சில் ஈட்டி எறிபவராகவும் பாடகராகவும் இருந்த ஃபின்லாந்தின் டாப்பியோ ரௌதவாராவைச் சொல்லிவிட்டுக் கடந்து போனேன். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தங்கப் பதக்கம் வாங்காமல் இருந்திருந்தால் இவர் பாட்டை யாராவது கேட்டிருப்பார்களா?" இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

கேட்டிருப்பார்கள். 1948இல் லண்டனில் 69.77 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார், உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, போர்க்காலத்தில், அவுனுஸ் வானொலி என்ற ராணுவ வானொலியில் வேலை பார்த்தவர். சிப்பாய்களுக்கு அவர் அப்போதே தெரிந்தவர். பதக்கம் பெயரைப் பரப்பியிருக்கலாம். முப்பது வருடம் ஒருவரைத் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கப் பதக்கம் போதாது. விளையாட்டை அவர் விட்டுவிடவும் இல்லை. பாடகராகப் புகழ் பெற்ற பிறகு, 1958இல், வில்வித்தை உலகப் போட்டியில் ஃபின்லாந்து அணியோடு தங்கம் வென்றார்!

என்னைக் கேட்டால், அவர் என்ன பாடினார் என்றுதான் கேட்க வேண்டும். பாட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பாருங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன் அல்லவா, இங்கேயும் அதுதான். ஏழைத் தாயின் வளர்ப்பு, சின்ன வயதிலேயே வேலை. அதனால் ஊர் ஊராக அலையும் நாடோடியைப் பற்றி அவர் பாடினால் வேஷமாகத் தெரியாது. பாடலாசிரியர் ரெய்னோ ஹெலிஸ்மா, நகைச்சுவை நடிகர் எசா பக்கரினன் இருவரோடும் சேர்ந்து அவரே ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்தானே.

ஹெலிஸ்மா எழுதி அவர் 1949இல் பாடிய ஒரு பாட்டைக் கட்டாயம் கேளுங்கள். சூரியன் மறைகிற நேரம். கடைசி ஒளிக்கதிர் ஒன்று காட்டில் ஒரு குட்டிப் பூதத்தைப் பார்க்கிறது. பூதம் அதுவரை வெளிச்சத்தையே பார்த்ததில்லை. என்னோடு இருந்துவிடு என்று கெஞ்சுகிறது. இருட்டில் இருந்தால் செத்துவிடுவேன் என்று ஒளிக்கதிர் போய்விடுகிறது. எவ்வளவு அழுது பாடியிருக்கலாம் இதை! அவர் அழவில்லை. அந்த ஆழமான குரலில், பேரனுக்குக் கதை சொல்கிற தாத்தா மாதிரி, நிதானமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். கேட்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. மொழி தெரியாமல் முதலில் கேட்டபோதே எனக்கு அப்படித்தான் இருந்தது.

அவரே எழுதி இசையமைத்த பாட்டுகளும் உண்டு. தாத்தாவின் வைக்கோல் தொப்பி பற்றிய பாட்டு அப்படி வந்ததுதான். ஹெலிஸ்மாவைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும், அப்போது இதையும் எடுத்துக்கொள்வோம்.