பக்கத்தில் எந்தப் படம்?

நேயர்களுக்கு வணக்கம். புகைப்படக் கண்காட்சிகள் அமைப்பது என் வேலை. “படம் எடுக்க ஒருவர், ஆணி அடிக்க ஒருவர், நடுவில் உங்களுக்கு என்ன வேலை?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்று முடிவு செய்வதுதான் வேலை. மாட்டுவதற்கு முன் படங்களையெல்லாம் தரையில் பரப்பிவைத்து, நடுவே வெறுங்காலோடு நடந்து நடந்து இடம் மாற்றுவோம். வலை பின்னும் கைகள் ஒரு படத்தில். தனியாகப் பார்த்தால் வேலை செய்யும் கைகள், அவ்வளவுதான். பக்கத்தில் ஆளில்லாத படகு ஒன்றை வைத்தால், அந்தக் கைகள் யாருக்காகவோ காத்திருக்கத் தொடங்கிவிடும். எடுத்தவர் சொல்லாததை நான் சொல்ல வைத்துவிட்டேன். அதனால்தான் இதைப் பயத்தோடு செய்ய வேண்டியிருக்கிறது.

வரிசை அமைந்த பிறகு மற்றதெல்லாம் கைவேலை. சுவரில் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடி உயரத்தில் வரும்படி மாட்டுவோம். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் இன்னும் இறக்குவோம்.

சரி, இந்தப் பயத்துக்கு வருகிறேன். 1955 ஜனவரியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ‘மனிதக் குடும்பம்’ என்ற கண்காட்சி திறந்தது. அமைத்தவர் எட்வர்ட் ஸ்டைக்கன், அவரும் பெரிய புகைப்படக்காரர். 68 நாடுகளிலிருந்து 273 பேர் எடுத்த 503 படங்கள். காதல், பிறப்பு, உழைப்பு, சாவு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்துபோகலாம். குழல் ஊதும் பெரு நாட்டுச் சிறுவன் ஒருவன் பாட்டின் பல்லவிபோல அங்கங்கே திரும்ப வருவான். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நடுவே, இருட்டறையில் ஹைட்ரஜன் குண்டு வெடிப்பு மட்டும் வண்ணத்தில் ஒளிர்ந்தது. படங்கள் ஒன்றோடொன்று பேசும் என்பதை நான் கற்றுக்கொண்டது இந்தக் கண்காட்சியைப் படித்துத்தான். இன்றும் லக்சம்பர்க்கில் கிளெர்வோ கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது.

ஆனால் அதில் ஒன்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. மிசிசிப்பியில் மரத்தோடு கட்டப்பட்டுக் கும்பலால் கொல்லப்பட்ட ஒரு கறுப்பின மனிதரின் படமும் முதலில் இருந்தது. ஜனங்கள் அதன் முன்னால் நின்றுவிட்டார்கள். மொத்தக் கண்காட்சியின் ஓட்டம் அங்கே அறுபடுகிறது என்று திறந்த கொஞ்ச நாளிலேயே ஸ்டைக்கன் அதை எடுத்துவிட்டார். அமைப்பாளராக அவருடைய கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது தவறு என்றே நினைக்கிறேன். நிற்க வைக்கிற படத்துக்கு அல்லவா இடம் வேண்டும்?

போன வருடம் கடல் அரிப்பைப் பற்றி, கடற்கரை ஊர் ஒன்றின் சமுதாயக் கூடத்தில் படங்கள் வைத்தோம். பாதி இடிந்த வீடு ஒன்று, உள்ளே சுவரில் நாள்காட்டி அப்படியே தொங்கும். அந்த இடத்தில் கூட்டம் தேங்கி, பின்னால் வருகிறவர்களுக்கு வழியில்லை. படத்தை வேறு மூலைக்கு மாற்றலாமா என்று உடன் வேலைசெய்த பையன் கேட்டான். வேண்டாம் என்று எதிரே இருந்த தட்டியை 3 அடி பின்னுக்குத் தள்ளினோம். அப்புறம் ஒரு பெஞ்சும் கொண்டுவந்து போட்டோம். சாயங்காலம் வரை அந்தப் பெஞ்சு காலியாகவே இல்லை.

வணக்கம்.