ஒரே ரோஜாச் செடியில் வேறு நிறப் பூ: மகரந்தமா, வேர்ச்செடியா, மொட்டு மாற்றமா?

சேலத்திலிருந்து நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "மாடியில் தொட்டியில் வைத்திருக்கும் டபுள் டிலைட் ரோஜா, வாங்கியபோது வெண்ணெய் நிறத்தில் சிவப்பு விளிம்போடு பூத்தது. கோடைக்காக மேலே பாலிகார்பனேட் கூரை போட்ட பிறகு பூக்கள் ஏறக்குறைய வெள்ளையாகவே வருகின்றன. ஆனால் ஒரே ஒரு கிளையில் மட்டும், விளிம்பே தெரியாமல், முழு ரோஸ் நிறத்தில் பூத்திருக்கிறது. பக்கத்துத் தொட்டியில் உள்ள பன்னீர் ரோஜாவின் மகரந்தம் கலந்துவிட்டதா? அந்தக் கிளையை வெட்டிவிடலாமா?"

கிளையை இப்போது வெட்ட வேண்டாம். மகரந்தத்திற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இதழ் தாய்ச்செடியின் உடலில் ஒரு பகுதி என்பதால், பூ விரிந்து மகரந்தம் வந்து சேரும் முன்பே அதன் நிறம் எதுவென்பது செடிக்குள் முடிவாகிவிடுகிறது. கலப்பின் விளைவு, இதழ் உதிர்ந்த பிறகு திரளும் காயின் விதைக்குள்தான் இருக்கும். அந்த விதையை முளைக்க வைத்துப் பூக்கச் செய்தால்தான் அதைக் காண முடியும்.

வெளுத்த பூக்களுக்குக் காரணம் உங்கள் கூரை. 1977இல் வெளிவந்த டபுள் டிலைட் ரகத்தில், இதழின்மீது புற ஊதாக் கதிர் பட்டால்தான் ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி உருவாகும். பாலிகார்பனேட் தகடு அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. கூரையை எடுத்துவிட்டு, நண்பகல் வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டினால், அடுத்து வரும் மொட்டுகளில் சிவப்பு திரும்பிவிடும். கடும் வெப்பத்தில் சிவப்பும் ரோஸும் மங்குவதும், மஞ்சள் ரகங்கள் வெயிலில் வெளிறுவதும், வெள்ளை இதழ்களில் சாம்பல் பூஞ்சையால் சிவந்த புள்ளிகள் தோன்றுவதும் வேறு வேறு காரணங்களால் நிகழ்பவை என்றாலும், இவை எவையும் ஒரு கிளையோடு நிற்பதில்லை. நிறம் மாற்றுவதற்கென்று படிகாரம் கரைத்து ஊற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். படிகாரத்தில் அலுமினியம் உண்டு, ஆனால் மண்ணின் அலுமினியத்தைக் கொண்டு நீலமாவது ஹைட்ரேஞ்சியா என்னும் பூச்செடி, ரோஜா அல்ல.

இனி, அந்த ஒற்றைக் கிளைக்கு வருவோம். அது எங்கிருந்து புறப்படுகிறது என்பதை மண்ணைச் சற்று விலக்கிப் பாருங்கள். தண்டின் அடியில் முடிச்சுப் போலப் புடைத்திருக்கும் இடம்தான் ஒட்டுக்கட்டிய இடம். கிளை அதற்குக் கீழேயிருந்து வந்திருந்தால் அது வேர்ச்செடியின், அதாவது நல்ல ரகத்தை ஒட்டுவதற்காக வேரோடு அடியில் வைக்கும் வேறொரு ரோஜாவின் துளிர். நம் நாட்டில் எட்வர்ட் ரோஜாவையும், மல்டிஃப்ளோரா என்னும் காட்டு ரோஜாவையும் வேர்ச்செடியாகப் பயன்படுத்துகிறார்கள். எட்வர்டாக இருந்தால் உங்கள் டபுள் டிலைட்டைவிடச் சிறிய, மணமுள்ள ரோஸ் நிறப் பூக்கள் வரும். மல்டிஃப்ளோராவாக இருந்தால் சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். ஏழு இலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் நல்ல செடி என்று பலரும் சொல்வதை நம்பிக் கத்தியை எடுக்காதீர்கள், ஏனென்றால் நல்ல ரகங்கள் பலவற்றிலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு. வேர்ச்செடியின் துளிர்தான் என்று உறுதியானால், அதை மேலோடு நறுக்காமல், பிறக்கும் இடத்திலிருந்தே பிய்த்து எடுத்துவிட வேண்டும்.

கிளை ஒட்டுக்கு மேலிருந்து வந்து, பூவின் அளவும் வடிவும் மணமும் பழையபடியே இருந்து, நிறம் மட்டும் மாறியிருந்தால், அது பெரும்பாலும் 'ஸ்போர்ட்' என்று ரோஜா வளர்ப்பவர்கள் அழைக்கும் மொட்டு மாற்றமாகத்தான் இருக்கும். கிளையின் நுனியில் பிரிந்து பெருகும் செல்களில் ஏதோ ஒன்றின் மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம், அந்தச் செல்லிலிருந்து உருவாகும் பகுதி முழுவதிலும் பரவி, புதிய நிறமாக வெளிப்படுகிறது. பிரான்சில் உருவான 'பீஸ்' ரோஜாவின் ஒரு செடி சிகாகோ நகரில் அடர்ந்த ரோஸ் நிறத்தில் பூத்ததால்தான், 1962இல் 'சிகாகோ பீஸ்' என்ற ரகம் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியில் கோர்டஸ் என்னும் ரோஜா நிறுவனம் 1958இல் வெளியிட்ட வெள்ளை 'ஐஸ்பெர்க்'கின் வழியில், ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் ரோஸ் நிறக் கிளையும், பின்னர் கருஞ்சிவப்பான 'பர்கண்டி ஐஸ்பெர்க்'கும் தோன்றின. ஐஸ்பெர்க்கின் பெற்றோரில் ஒன்றான 'ராபின் ஹுட்' சிவப்புப் பூ என்பதை நினைவில் கொண்டால், அந்த வெள்ளைக்குள் சிவப்பு ஒளிந்திருந்ததில் வியப்பில்லை. இயற்கையாக நேரும் இதையே டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தினர் வேண்டுமென்றே தூண்டி, 'கிஸ் ஆஃப் ஃபயர்' ரகத்திலிருந்து 'அபிசாரிகா'வை உருவாக்கினார்கள்.

இந்தப் புது நிறத்தை விதையால் காப்பாற்ற முடியாது. கிளை நுனியின் செல்கள் மூன்று அடுக்குகளாக இருக்கின்றன. மாற்றம் மேலடுக்கில் மட்டும் நேர்ந்திருந்தால் இதழின் நிறம் மாறும், ஆனால் மகரந்தமும் சூலும் இரண்டாம் அடுக்கிலிருந்து வருவதால் விதைக்கு அது போய்ச் சேராது. எனவே மொட்டு ஒட்டுத்தான் நல்ல வழி. அந்தக் கிளையில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். அடுத்த இரண்டு மூன்று பூப்புகளிலும் அதே நிறம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், மாறிய பூ பூத்த அதே தண்டின் இலைக்கணுக்களில் உள்ள மொட்டுகளை, குளிர் தொடங்கும் மாதங்களில், வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுங்கள். ஒரே மொட்டை நம்பாமல் நான்கைந்து மொட்டுகளை எடுப்பது நல்லது, ஏனென்றால் கிளையின் ஒரு பக்கம் மட்டுமே மாறியிருந்தால் மறுபக்கத்து மொட்டுகள் பழைய நிறத்தையே தரும்.

ஒட்டுக்கட்டிப் பெற்ற செடியிலும் சில கிளைகள் பழைய நிறத்திற்குத் திரும்பலாம். பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்படும் வரியோடிய 'ரோசா முண்டி'யிலேயே இன்றும் வரியில்லாத சிவப்புக் கிளைகள் வருகின்றன. அப்படித் திரும்பும் கிளைகள் வீரியமாக வளர்ந்து புதியதை அமுக்கிவிடக்கூடும் என்பதால், கண்ட உடனே அடியோடு கவாத்து செய்துவிடுங்கள்.