நாய் குறுக்கே வந்த கதை

நேயர்களுக்கு வணக்கம். நசுங்கிய கார்களைப் பார்த்தே முப்பது ஆண்டுகள் பிழைத்தவன் நான், காப்பீட்டு சர்வேயர். என் மேசைக்கு வந்த இழப்பீட்டு விண்ணப்பங்களை நம்புவதானால், நம் ஊர் விபத்துகளில் பாதிக்கு நாய்தான் காரணம். "நாய் குறுக்கே வந்தது, ஒடித்தேன், மரத்தில் மோதிவிட்டது." நாய் சாட்சி சொல்ல வராது என்ற தைரியம்.

ஒருமுறை விழுப்புரம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார் ஒன்றைப் பார்க்கப் போனேன். புளியமரத்தில் மோதியதாக எழுதியிருந்தார்கள். பம்பரில் ஒரு துளி மரப்பட்டை இல்லை. மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்திருந்தது. கிரில்லுக்குள் கைவிட்டால் ஆட்டோ இண்டிகேட்டரின் உடைந்த சில்லு. உரிமையாளர் தலைகுனிந்தார். ஆட்டோக்காரருக்கு இரண்டாயிரம் கொடுத்து நடுரோட்டிலேயே பேசி முடித்திருக்கிறார். யாருக்கும் அடியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால் பழுதுக்கான பணம் வந்திருக்கும். பொய் எழுதியதால் அதுவும் போயிற்று.

மோதிய கணத்தில் நம் வாயில் வரும் முதல் சொல் பெரும்பாலும் "கண்ணு தெரியலையா?" என்பதுதான். அதற்குப் பதிலாக "அடிபட்டிருக்கிறதா?" என்று கேளுங்கள். இன்ஜினை நிறுத்தி, நான்கு பக்க விளக்கையும் எரியவிட்டு, 108-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-உம் இருக்கிறது. அடிபட்டவரைப் பிடித்து இழுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். செலவை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில், தனியார் மருத்துவமனை ஆனாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை வரம்புக்கு உட்பட்டு இலவசம். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. உதவிக்கு வருபவரைக் காக்க 2019 சட்டத்திருத்தத்தில் தனிப்பிரிவே வந்துவிட்டது. பெயர் சொல்லும்படி அவரை வற்புறுத்த முடியாது.

கூட்டம் அடிக்க வந்தால்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவை எழுதியவர்களுக்கும் அந்தப் பயம் தெரிந்திருக்கிறது. அடிபட்டவருக்கு ஓட்டுநர் உதவ வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் அது குற்றமாகாது. ஆனால் முடிந்தவரை சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தகவல் சொல்லியாக வேண்டும். யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இனி என் தொழில் விஷயம். எல்லோரும் ஒடுங்கிய இடத்தை மட்டும் ஒட்டி நின்று பத்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். எனக்கு அதில் ஒன்று போதும். பத்தடி தள்ளி நின்று, இரண்டு வண்டியும் நம்பர் பலகையும் சாலையும் ஒன்றாகத் தெரியும்படி எடுங்கள், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே.

அடியில் இடித்து ஆயில் சொட்டினால், "ஒர்க்‌ஷாப் பக்கம்தானே" என்று ஓட்டிப் போகாதீர்கள். ஆயில் தீர்ந்தால் இன்ஜின் இறுகிவிடும். பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடிய சேதம் உங்கள் பொறுப்பு என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. யார் படிக்கிறார்கள்!

மகன் ஓட்டியிருக்க, உரிமம் வைத்திருக்கும் அப்பா பெயரை எழுதுவது இன்னொரு வழக்கம். எஃப்.ஐ.ஆரில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் ஒரு பெயர் என்று வந்து நிற்கும். எத்தனை வேகத்தில் போனீர்கள் என்று கேட்டால், தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதலாம். அதற்காக யாரும் விண்ணப்பத்தைத் தள்ளுவதில்லை.

நிஜமாகவே நாய் வந்த கேஸும் ஒன்று பார்த்தேன். பம்பருக்கு அடியில் செம்பட்டை முடி ஒட்டியிருந்தது. அந்த மனிதர் எழுதியிருந்தது இரண்டே வரி. இரண்டாவது வரியில், நாய் பிழைத்துக்கொண்டது என்றிருந்தது. அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன்.

வணக்கம்.