மோனோ கெமராவுக்கு முதல் ஃபில்டர் எது? மலையக வானத்துக்கு என் பதில்

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் தூரத்தில் மலை மேலே ஏறுகிற வெளிச்சக் கோடு தெரிகிறதா? அதுதான் சிவனொளிபாதமலைப் பாதை. டிசம்பர் போயா முதல் வெசாக் வரை சீசன், இரவெல்லாம் விளக்கு எரியும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வானம் ஓரளவு தெளிவாகக் கிடைப்பதும் அதே சீசனுக்குள்தான், ஜனவரியிலிருந்து மார்ச் வரை. வானத்தைப் படம் எடுக்கிற மோனோ கெமராவுக்கு, அதாவது கறுப்பு வெள்ளையாக மட்டும் பதிகிற கெமராவுக்கு, முதலில் எந்த ஃபில்டர் வாங்குவது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இதில் ஒவ்வொரு ஃபில்டரிலும் தனித்தனியாக எடுத்துச் சேர்த்தால்தான் நிறம் வரும். இந்த வானத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் எச் அல்ஃபா வாங்குங்கள். ஆர்ஜிபி செட், அதாவது சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள், அப்புறம். வெளிநாட்டு வீடியோக்களில் பெரும்பாலும் எல்லா நிறத்தையும் விடுகிற லூமினன்ஸ் ஃபில்டரும் ஆர்ஜிபியும்தான் முதலில் என்பார்கள். இருட்டான பாலைவனத்தில் நிலவில்லாத இரவுகள் வரிசையாகக் கிடைப்பவர்களுக்கு அது சரி. நமக்கு லீவு கிடைப்பது போயாவுக்கு. அன்றைக்குப் பார்த்தால் முழு நிலா! நிலா வெளிச்சம் வானத்தில் சிதறும்போது நீலமும் பச்சையும்தான் அதிகம் அடிபடும், சிவப்பு அவ்வளவு கெடாது. எச் அல்ஃபா என்பது ஐதரசன் வாயு விடுகிற 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளி, நிறமாலையில் ஒரு மெல்லிய கோடு. 3 நானோமீட்டர் அகல ஃபில்டர் அந்தக் கோட்டைச் சுற்றிய சின்னத் துண்டை மட்டும் விட்டு, மிச்ச வெளிச்சத்தை நிறுத்திவிடும். நிலாவை விட்டுத் தள்ளி இருக்கிற நெபுலாவாக, அதாவது விண்வெளி வாயு மேகமாக, பார்த்துத் திருப்பினால், போயா இரவிலும் வேலை நடக்கும். டவுனில் இப்போது போடுகிற வெள்ளை எல்ஈடி எல்லா நிறத்திலும் பரவுகிறது. பழைய சோடியம் விளக்குக்கென்று செய்த லைட் பொல்யூஷன் ஃபில்டர்கள் அதற்குப் பெரிதாக உதவாது, எச் அல்ஃபா போல ஒரு கோட்டை மட்டும் விடுகிற நெரோபேண்ட் ஃபில்டர் உதவும்.

இன்னொரு காரணம், கலர் கெமராவில் நாலு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பு. எச் அல்ஃபாவில் மற்ற மூன்றும் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். மோனோவில் எல்லாப் பிக்சலும் வேலை செய்கின்றன. காசு கொடுத்து மோனோ வாங்கியதன் பலன் முழுதாகத் தெரிவது இங்கேதான்.

அடுத்தது ஓ த்ரீ, அதாவது ஒட்சிசனின் 500.7 நானோமீட்டர். இதில் மலிவானதை வாங்காதீர்கள், நான் அழுத்திச் சொல்கிறேன். கடையில் காட்டும் கிராஃபை நம்பாமல், ஓரியன் இடுப்புப் பட்டியின் கிழக்கு முனையில் இருக்கிற அல்நிடாக் நட்சத்திரத்தை அந்த ஃபில்டரில் யாராவது எடுத்த படம் கேளுங்கள். ஃபில்டரின் பூச்சு மோசம் என்றால் நட்சத்திரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு ஒளிப்படலம் நிற்கும். பக்கத்திலேயே குதிரைத்தலை நெபுலா இருப்பதால் அந்த வட்டம் அதன் மேலேயே விழும், எடிட்டிங்கில் சுத்தமாக எடுக்கவே முடியாது. ஓ த்ரீக்கு நிலாவும் ஆகாது. நிலா இல்லாத நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள், எச் அல்ஃபாவை நிலாவுக்கு விடுங்கள். எஸ் டூ, அதாவது கந்தகத்தின் சிவப்புக் கோட்டுக்கான ஃபில்டர், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்ஜிபி வாங்கும்போது ஒன்றே ஒன்று பாருங்கள். நல்ல செட்டில் நீலமும் பச்சையும் 500 நானோமீட்டர் பக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். அப்போதுதான் ஒட்சிசன் ஒளி இரண்டிலும் விழுந்து, கோள்வடிவ நெபுலாக்களுக்கு அந்தப் பச்சை கலந்த நீலம் வரும். இடைவெளி இருந்தால் நிறம் ஒரு பக்கம் சாயும், இல்லாவிட்டால் மங்கிப்போகும்.

எடுக்கிற ஒழுங்கும் ஃபில்டரைப் போலவே முக்கியம். இன்றைக்குச் சிவப்பு, நாளைக்குப் பச்சை என்று பிரிக்காதீர்கள். பத்து மணிக்குப் பளிச்சென்று இருக்கிற மலை, பதினொரு மணிக்கு மூடிக்கொள்ளும். ஃபில்டர்களைச் சுழற்றி மாற்றுகிற ஃபில்டர் வீலில் மாற்றி மாற்றி எடுங்கள், மூடுபனி வந்தாலும் மூன்று நிறமும் கையில் இருக்கும். பொருள் உச்சிக்கு வரும் நேரத்தை நீலத்துக்குக் கொடுங்கள், தாழ்வில் காற்று அதிகம் தின்பது நீலத்தைத்தான். ஓரியன் நெபுலா இங்கே கிட்டத்தட்டத் தலைக்கு மேல் போகும், கவலை இல்லை. கரினா நெபுலாவோ தெற்கே 23 பாகை உயரத்தைத் தாண்டாது. இங்கிலாந்துக்காரர்கள் ஊரிலிருந்து பார்க்கவே முடியாத நெபுலா அது, விட்டுவிடாதீர்கள். மார்ச் தொடக்கத்தில் நள்ளிரவு வாக்கில் உச்சிக்கு வரும். எச் அல்ஃபாவில் எடுங்கள்.

அளவு விஷயம் சுருக்கமாக. சின்ன சென்சருக்கு 1.25 அங்குலம் போதும், சென்சர் பெரிதானால் 36 மில்லிமீட்டர் அல்லது 2 அங்குலம். எஃப் 2 போன்ற வேகமான லென்ஸ் என்றால், 3 நானோமீட்டர் சாதாரண ஃபில்டரில் கோடு நழுவி வெளியே போகும், அதற்கென்று செய்ததைக் கேட்டு வாங்குங்கள். எந்த ஃபில்டரானாலும் ஃப்ளாட், அதாவது தூசி நிழலைக் கழிக்க ஒரே சீரான வெளிச்சத்தில் எடுக்கிற படம், தனித்தனியாக எடுக்க மறக்காதீர்கள், ஒவ்வொன்றிலும் தூசி வேறு இடத்தில் இருக்கும்.

உங்கள் கெமரா எது, டெலஸ்கோப் எஃப் எத்தனை, எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள். ஊவாப் பக்கம் தெளிவான மாதங்கள் வேறு என்பதால், பண்டாரவளை, அப்புத்தளைக்காரர்கள் ஊரைக் கட்டாயம் போடுங்கள்.