வெள்ளைக்கல் சூளையும் வெள்ளிக் கோளும்

சேலத்தில் ஒரு நூலக அரங்கில் பேசியதை எழுதித் தரச் சொன்னார்கள். திக்கல், திணறல், தண்ணீர் குடித்த இடங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேட்குதுங்களா? சரி.

ஏற்காட்டுக்குப் போகாதவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? ஒரு கையையும் காணோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காது அடைக்கும், கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் பலூன் மாதிரி உப்பி நிற்கும். பாக்கெட்டுக்குள் யாரும் காற்றடிக்கவில்லை, வெளியே இருக்கும் காற்றுதான் மெலிந்துவிட்டது. 1,500 மீட்டர் உயரத்தில் கடல் மட்டத்தைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு அழுத்தம் குறைவு. இப்படி மேலே போகப் போகக் காற்று எவ்வளவு சீக்கிரம் மெலிகிறது என்பதை வைத்தே எங்கள் துறை பிழைக்கிறது. பூமியில் எட்டரை கிலோமீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 37 சதவீதமாக இறங்கிவிடும். தன் நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு வெந்துகொண்டிருக்கும் ஹைட்ரஜன் கோள்களில் அதே இறக்கத்துக்குப் பல நூறு கிலோமீட்டர் ஏற வேண்டும், அவ்வளவு உப்பிய காற்று.

நான் செய்வது புறக்கோள்களின் வளிமண்டல ஆய்வு, அதாவது வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களில் என்ன காற்று இருக்கிறது என்று பார்ப்பது. எங்கள் அத்தை இன்னும் என்னை டிவியில் வானிலை வாசிக்கிறவன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை, ஊர்தான் கொஞ்சம் தூரம், மற்றபடி சரிதான்.

அங்கே போக முடியாது, படம் எடுத்தாலும் பெரும்பாலும் ஒரு புள்ளிகூடத் தெரியாது. அப்புறம் எப்படிக் காற்று தெரியும்? கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது வெளிச்சம் துளி குறையும். நம் சூரியனை வியாழன் கடப்பதைத் தூரத்திலிருந்து ஒருவர் பார்த்தால் ஒரு சதவீதம் குறையும், பூமி கடந்தால் சதவீதத்தில் நூறில் ஒரு பங்குகூடக் குறையாது. அந்த நேரத்தில் நட்சத்திர ஒளியில் கொஞ்சம் கோளின் ஓரத்துக் காற்றுக்குள் புகுந்து வருகிறது. சோடியம் இருந்தால் மஞ்சளில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெளிச்சத்தைத் தின்றிருக்கும். நம்ம ஊர்ப் பழைய தெருவிளக்கின் மஞ்சள் இருக்கிறதே, அதே மஞ்சள். 2002இல் டேவிட் சார்போனோ குழுவினர் ஹபிள் தொலைநோக்கியை வைத்து எச்.டி. 209458 பி என்ற கோளில் கண்டுபிடித்தது இந்தச் சோடியத்தைத்தான், புறக்கோள் ஒன்றின் காற்றை மனிதர்கள் தொட்டுப்பார்த்த முதல் தடவை அது.

ஓரத்தில் மங்கும் ஒளியைப் பார்த்துக் காற்றைக் கண்டுபிடிக்கும் வேலை நமக்குப் புதிதல்ல. பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை அங்கிருந்தும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்தும் அளந்தார்கள். நட்சத்திரம் பட்டென்று அணையாமல் மங்கி அணைந்ததாகத் தெரிந்ததால், கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்று எழுதினார்கள். 1979இல் வாயேஜர் 1 விண்கலம் போய்ப் பார்த்தபோது அவர்கள் சொன்ன அளவுக்குக் காற்று இல்லை. 1990களில் ஹபிள் பார்த்தபோது மிக மிக மெல்லிய ஆக்சிஜன் இருந்தது. ஆக, அவர்கள் சொன்னது சரியா தப்பா? எனக்கு இந்தக் கதை பிடிக்கக் காரணமே அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது என்பதுதான்.

இப்போது ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி. 2021 கிறிஸ்துமஸ் அன்று ஏவினார்கள், 2022 ஆகஸ்டில் வாஸ்ப் 39 பி என்ற கோளில் கரியமில வாயு இருப்பதாக அறிவித்தார்கள். சுமார் 700 ஒளியாண்டு தூரம், சனிக்கோள் அளவு எடை, ஆனால் வியாழனைவிடப் பெரிய உருவம், நான்கு நாளுக்கு ஒரு சுற்று, சூடு 900 டிகிரி செல்சியஸ். நான் சொன்ன சிப்ஸ் பாக்கெட் இதுதான். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், 4.3 மைக்ரான் அலைநீளத்தின் பக்கத்தில், கரியமில வாயு தின்ற வெளிச்சம் வரைபடத்தில் மேடாக, சும்மா மலை மாதிரி எழுந்து நின்றது, வாதாட வேண்டிய அவசியமே இல்லாமல். கூடவே கந்தக டை ஆக்சைடும் கிடைத்தது. நட்சத்திர வெளிச்சம் மேல்காற்றில் மூலக்கூறுகளை உடைத்து, உடைந்தவை மறுபடி சேர்ந்து உண்டாகும் சரக்கு அது. இங்கே ஓசோன் உண்டாவதும் இதே வகை வேலைதான்.

எல்லாக் கோளும் இப்படித் தாராளமாகக் காட்டாது. ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்க்கப் போய், பனிமூட்டம் இறங்கி வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். ஜி.ஜே. 1214 பி அப்படித்தான், 2014இல் ஹபிள் பல தடவை பார்த்தும் நிறமாலை, அதாவது எந்த நிறத்தில் எவ்வளவு வெளிச்சம் குறைந்தது என்ற வரைபடம், கோடு போட்ட மாதிரி தட்டையாகவே வந்தது, உயரத்தில் மேகமோ புகைமூட்டமோ மறைத்திருந்தது. இதைவிட மோசம் நட்சத்திரமே ஏமாற்றுவது. 2023இல் ஜி.ஜே. 486 பி என்ற பாறைக்கோளைப் பார்த்தபோது நீராவியின் சாயல் வந்தது. ஆனால் அது சுற்றும் சின்னச் சிவப்பு நட்சத்திரத்தின் கரும்புள்ளிகள் நீராவி தங்கும் அளவுக்குக் குளிர்ந்தவை. நீராவி கோளுடையதா, புள்ளியுடையதா? அந்த அளவீட்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியவில்லை. கே 2-18 பி கோளில் உயிரின் அறிகுறி என்று 2025இல் செய்தி வந்ததே, அதைக் கேட்காமல் என்னை விடமாட்டீர்கள் என்று தெரியும். மீத்தேன் இருப்பது பலமான முடிவு. உயிரோடு தொடர்புபடுத்திய அந்த டைமெத்தில் சல்பைடு சமாச்சாரத்தை மற்றக் குழுக்கள் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை.

சரி, தலைப்புக்கு வருகிறேன். எங்கள் பெரியப்பா வெள்ளைக்கல் சூளையில் வேலை பார்த்தவர். கருப்பூர் பக்கம் ரயிலில் போகும்போது வெளுத்துக் கிடக்குமே, அந்த மாக்னசைட் கல். ஒரு டன் கல் உள்ளே போனால் அரை டன்கூட வெளியே வராது, மீதி எங்கே போகுது என்று சின்ன வயதில் கேட்டேன். "காத்தா போகுதுடா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரிக்கு வந்து கணக்குப் போட்டால் அப்படியே சரி. மாக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட், எடையில் 52 சதவீதம் கரியமில வாயு. மக்னீசியம் நிறைந்த பாறையில் அந்த வாயு கரைந்த நீர் ஊறி ஊறி உண்டான கல்.

இதை ஏன் சொல்கிறேன்? வெள்ளிக் கோள் பூமிக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவு. அங்கே காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு, நம்மைப்போல் 90 மடங்குக்கு மேல் அழுத்தம், தரையில் 460 டிகிரிக்கு மேல் சூடு. பூமியில் அவ்வளவு வாயு இல்லையா? ஏறத்தாழ அதே அளவு இருக்கிறது, ஆனால் கல்லுக்குள். மழை காற்றிலிருந்து வாயுவைக் கரைத்து இறக்குகிறது, அது பாறையை அரிக்கிறது, ஆறு கடலுக்குக் கொண்டுபோகிறது, அங்கே சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. பிறகு எரிமலைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகின்றன. வெள்ளியில் மழையும் கடலும் இல்லாததால் வாயு கல்லாகும் வழி அடைபட்டுப்போய், எல்லாம் மேலேயே நிற்கிறது.

அதனால்தான் ஒரு பாறைக்கோளின் காற்றை மட்டும் படித்துவிட்டு அங்கே வாழ முடியுமா என்று தீர்ப்புச் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. கீழே என்ன கல், தண்ணீர் ஓடுகிறதா, எரிமலை வேலை செய்கிறதா என்று தெரியாமல் காற்றின் கணக்கு பாதிக் கணக்குதான். 40 ஒளியாண்டு தூரத்து டிராப்பிஸ்ட் 1 நட்சத்திரத்துக்கு ஏழு பாறைக்கோள்கள். உள்ளே இருக்கும் 'பி'யில் தடித்த காற்று இருப்பதாகத் தெரியவில்லை, 'சி'யில் வெள்ளி மாதிரிக் கெட்டிக் காற்று இல்லை என்று 2023இல் வெப் காட்டியது. அவற்றின் காற்றை நட்சத்திரம் பறித்துவிட்டதா, கல் விழுங்கிவிட்டதா, ஆரம்பத்திலேயே கொஞ்சம்தான் இருந்ததா? நான் இப்போது உட்கார்ந்திருப்பது இந்தக் கேள்வியின் மேல்தான். கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் பொய்க் காற்றுகளைச் செய்து, எது அளவீட்டோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறேன், பாதி நாள் எதுவும் ஒத்துவராது.

வெளியே மேஜையில் இரண்டு கல் வைத்திருக்கிறேன். ஒன்று சங்ககிரி சுண்ணாம்புக்கல், எலுமிச்சைச் சாறு விட்டால் மெல்ல நுரைக்கும். மற்றது நம்ம வெள்ளைக்கல், அது அவ்வளவு லேசில் மசியாது, தூளாக்கிச் சூடான வினிகரை ஊற்றிக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் முதலில் வாங்க. பெரியவர்கள் டீ குடித்துவிட்டு வரலாம், கல் எங்கேயும் போகாது.